மலைக் குழுவின் மஞ்சள் அட்டைகள்

“பிரபவ, ஆடி 18, திங்கள் (3.8.87). எண்: ம-6. சென்ற வாரம் கொடுத்தது 14. மீதி இல்லை. காலிப் பொட்டலம் திரும்பியது. மலம் கறுப்பு: ஆம்.”

இது ஒரு மஞ்சள் அட்டையில் உள்ள வரி. கையெழுத்து என்னுடையது. கடைசிச் சொல்லைத் தவிர இதில் எல்லாமே உண்மை. ஆனாலும் இதைப் படிக்கிற யாரும் தப்பாகத்தான் புரிந்துகொள்வார்கள். அது எப்படி நேர்ந்தது என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று வெகு நாளாக நினைத்திருந்தேன். இப்போது விபவ வருடம் மாசி மாதம். கால் வீக்கம் சற்று வடிந்திருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், தெம்பிருந்தால் இரண்டு பக்கம் எழுதுகிறேன்.

நான் கச்சிராயபாளையத்தில் அணையின் மழைமானியைப் படிக்கிறவன். காலை எட்டரை மணிக்கு மானியில் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். மற்ற நேரங்களில் கண்ணில் படுகிற தேதிகளைச் சேகரிப்பேன். கோயில் கல், பழைய பத்திரம், கிணற்றுச் சுவரில் கொத்தனார் கீறிவைத்த வருடம் எதையும் விட்டதில்லை. 1987 சித்திரையில் அப்படித்தான் தியாகதுருகம் கோட்டை மலைக்குப் போனேன். பாதி ஏறியதும் உட்கார்ந்தேன். மூச்சு மேலே வந்ததே தவிர உள்ளே போகவில்லை. ஆடு ஓட்டி வந்த ஒருவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். என் நோய்க்கு நான் குறித்து வைத்திருக்கும் முதல் தேதி அதுதான்.

கள்ளக்குறிச்சியில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தேன். அதன் பெயரும் டாக்டரின் பெயரும் இங்கே வேண்டாம். டாக்டர் இளைஞர். என் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். அந்த உட்பக்கம் சிவப்பாக இருக்க வேண்டுமாம். எனக்குத் துவைத்த வேட்டி மாதிரி இருந்தது என்று பக்கத்திலிருந்து பார்த்த என் மனைவி மங்கை பிறகு சொன்னாள்.

ரத்தத்தில் மூச்சுக் காற்றைச் சுமந்து போகிற சிவப்புச் சத்துக்கு ஹீமோகுளோபின் என்று பெயர். அது குறைந்தால் ரத்தசோகை. பரிசோதனைக் கூடத்தில் அதை அளக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. விரல் நுனியிலிருந்து எடுத்த ரத்தத்தை ஒரு குழாயில் அமிலத்தோடு கலக்கிறார்கள். அது காப்பி நிறமாகிறது. பிறகு தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பக்கத்தில் நிற்கும் கண்ணாடிக் கோலின் நிறத்தோடு ஒத்துப் போனதும் நிறுத்தி, குழாயில் உள்ள கோட்டைப் படிக்கிறார்கள். என் மழைமானியும் ஏறக்குறைய அப்படித்தான். ஆண்களுக்குப் பதின்மூன்றுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு ஆறு இருந்தது.

அதன் பிறகுதான் சிறுநீரும் யூரியாவும் பார்த்தார்கள். யூரியா என்பது உடம்பு கழித்துத் தள்ள வேண்டிய கழிவு; எனக்கு அது ரத்தத்திலேயே தங்கியிருந்தது. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார் டாக்டர். சிறுநீரகம் கெட்டால் ரத்தம் ஏன் குறைய வேண்டும் என்று கேட்டேன். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்தம் செய்கிறது, ஆனால் “செய்” என்று அதற்குச் சொல்லி அனுப்புவது சிறுநீரகம் என்று விளக்கினார். இரும்பு மாத்திரை வெறும் சரக்கு. சரக்கை இறக்கிக்கொண்டே இருக்கலாம், வேலையைத் தொடங்கச் சொல்ல ஆள் இல்லை. அந்த ஆணையை ஊசியாகப் போட வெளிநாட்டில் முயன்று வருகிறார்கள், நம் பக்கம் வர எத்தனை காலம் ஆகுமோ என்றார்.

அவர் ஒரு ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். ஒரே இரும்பு மாத்திரை வேறு வேறு நோயாளிகளுக்கு எப்படி வேலை செய்கிறது என்பதுதான் அது. மூன்று குழுக்கள். குழந்தை பெற்ற மலைப் பெண்கள் ‘ம’. குடலில் கொக்கிப்புழு இருந்த வயல் வேலையாட்கள் ‘வ’. என்னைப் போன்ற சிறுநீரகக்காரர்கள் ‘சி’. நான் சி-2. எனக்குப் பயன்படாது என்று தெரிந்தே எனக்கும் ஏன் மாத்திரை என்று கேட்டேன்.

“நீங்க சரியாகாம இருக்கறதும் எங்களுக்கு ஒரு பதில்தாங்க,” என்றார். வேண்டுமென்று புண்படுத்துகிறவர் இல்லை அவர். நானும் புண்படவில்லை. அளப்பவனுக்கு அது நியாயமான பேச்சு.

ஆனி மாதம் முதல் பெரும்பாலும் வார்டிலேயே இருந்தேன். மங்கை அதே ஊரில் கருணாபுரத்தில் தன் தம்பி வீட்டில் தங்கி எனக்குச் சமைத்துக் கொண்டுவந்தாள். காய்களை இரண்டு முறை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்ட வேண்டும், உப்பு கூடாது. அவளும் அதையேதான் சாப்பிட்டாள் என்பது ஆவணியில்தான் தெரிந்தது. அவள் தம்பி மனைவி போட்டுக்கொடுத்தாள். ஏன் என்று மங்கையைக் கேட்டதற்கு, “ஊறுகாய் கையோட வந்து உங்கிட்ட நின்னா உனுக்கு ஏக்கமா இருக்காதா?” என்றாள். ஊரில் என் தம்பி எனக்குப் பதிலாக மழைமானியைப் படித்து, தினமும் முதல் பஸ் கண்டக்டரிடம் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தனுப்புவான். “மழை இல்லை.” “4.2.” “மழை இல்லை.” பதிவு அறுந்துவிடக்கூடாது என்பதற்காக. அந்தச் சீட்டுகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன.

நான் எந்நேரமும் நோட்டில் எழுதுவதைப் பார்த்த டாக்டர், அட்டை எழுதிவந்த குமாஸ்தா வேலையை விட்டுப் போனதும் மலைக் குழுவின் மஞ்சள் அட்டைகளையும் என் சொந்த அட்டையையும் என்னிடம் கொடுத்தார். எனக்கு அது பெருமையாக இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

திங்கள்தோறும் வெள்ளிமலை பஸ்ஸில் அவர்கள் வருவார்கள். பெஞ்சு காலியாக இருந்தாலும் சுவரோரம் தரையில்தான் உட்காருவார்கள். நான் எண் கூப்பிடுவேன். வாரத்துக்குப் பதினான்கு மாத்திரை, நாளைக்கு இரண்டு. காலிப் பொட்டலத்தைத் திருப்பித் தர வேண்டும். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகும். உண்மையிலேயே சாப்பிடுகிறார்களா என்பதற்கு அது ஒரு சாட்சி. அதையும் கேட்டு எழுத வேண்டும்.

ம-6 வெள்ளச்சி. வெள்ளிமலையிலிருந்து இன்னும் நடந்து போக வேண்டிய ஊர். இருபத்தைந்து வயதிருக்கும். நான்காவது குழந்தை கையில். ஒவ்வொரு வாரமும் காலிப் பொட்டலத்தை நான்காக மடித்து, நூலால் கட்டிக் கொண்டுவருவாள். என்னை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவாள். அவள் அட்டைதான் எல்லாவற்றிலும் சுத்தமாக இருந்தது. ஒரு கட்டம் கூட விடுபடவில்லை. ஆனால் மாதம் ஒருமுறை அளந்த ஹீமோகுளோபின் ஏழு, ஆறரை, ஆறு என்று இறங்கிக்கொண்டே போனது.

ஆவணிக் கடைசியில் அவளால் நடக்க முடியவில்லை. கணவன் சடையன் முதுகில் சுமந்து பஸ் ஏற்றிக் கொண்டுவந்தான். பெண்கள் வார்டில் படுக்க வைத்தார்கள். அளந்தபோது நான்கு. இதயம் வீங்கத் தொடங்கியிருந்தது. ரத்தம் நீர்த்துப் போனால் இதயம் இரண்டு மடங்கு ஓட வேண்டும், ஓடி ஓடித் தளர்ந்துவிடும் என்று சிஸ்டர் எனக்குச் சொன்னார். டாக்டர் அட்டையைப் புரட்டினார். “ஒரு மாத்திரை விடல. ஆனா ஏறல. இவங்க குடல் இத எடுத்துக்கல,” என்றார். என் அட்டையைத்தான் அவர் நம்பினார்.

மாத்திரைக்கு இனி நேரமில்லை, ரத்தம் ஏற்ற வேண்டும். எங்கள் மருத்துவமனையில் ரத்தம் சேமித்து வைக்கும் வசதி இல்லை. டாக்டர் அந்தச் செவ்வாய்க்கிழமை ஆராய்ச்சிச் சுருக்கத்தை ஒப்படைக்க நகரத்துக்குக் கிளம்பினார். வியாழன் திரும்பும்போது ஐஸ் பெட்டியில் இரண்டு பாட்டில் கொண்டுவருவதாகச் சொன்னார்.

வியாழன் புரட்டாசி முதல் தேதி. இட ஒதுக்கீடு கேட்டு மாவட்டம் முழுவதும் சாலை மறியல் தொடங்கிய நாளும் அதுதான். சாலைகளின் குறுக்கே புளிய மரங்கள் வெட்டிப் போடப்பட்டன. பஸ் நிலையத்திலிருந்து எப்போதும் கேட்கிற ஹாரன் சத்தம் நின்றது. துப்பாக்கிச் சூடு, சாவு என்று செய்திகள் வாய்வழியே வந்தன. நான் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறவன் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை. நான் பார்த்தது இவ்வளவுதான்: டாக்டரின் ஜீப் வரவில்லை. தம்பியின் சீட்டும் வரவில்லை. அவனாலும் மானிவரை போக முடியவில்லையாம்; என் மழைப் பதிவில் அந்த ஏழு நாள் இன்றும் வெற்றிடம்.

வெள்ளிக்கிழமை சிஸ்டர், உள்ளூரிலேயே யாராவது ரத்தம் கொடுத்தால் நேரடியாக ஏற்றிவிடலாம் என்று முடிவு செய்தார். முதலில் சடையனைப் பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். சுவரைப் பிடித்து நடந்து நானும் போனேன். எட்டுதான் இருந்தது. கூடத்துக்காரர் எரிச்சலில் இருந்தார்.

“நீயே சோகை புடிச்சிக் கீற. நீ இன்னாத்த குடுப்ப?”

சடையன் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. “முன்ன இத்தவிட மோசங்க. மாத்திர துன்ன பொறவு பரவால்ல. ஏத்தம் ஏறசொல்ல இப்ப மூச்சு வாங்கறதில்ல,” என்றான்.

“எந்த மாத்திரை?” என்று நான் கேட்டேன்.

“அதாங்க, நம்ம மாத்திர.”

நான் பெண்கள் வார்டுக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. மங்கை அங்கே வெள்ளச்சியின் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளச்சி தலையணை இரண்டு வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டும்.

“மாத்திரய நீ துன்னலயாம்மா?” என்றேன்.

“துன்னேனே அண்ணா. எம் பங்கு துன்னேன்.”

“உன் பங்கு எவ்ளோ?”

“ரெண்டு. வாரத்துக்கு ஆளுக்கு ரெண்டு.” மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். “மொதல்ல வூட்டாண்ட வந்தப்போ ஏழு பேர் கண்ணையும் இழுத்துப் பாத்தாங்க. எல்லாருக்கும் ரத்தம் கம்மின்னாங்க. பதினாலு குடுத்தாங்க. கணக்கு சரியாதான இருந்துது.”

ஆராய்ச்சியின் முதல் படி அதுதான். வீட்டில் உள்ள அத்தனை பேரின் இமையும் பார்த்து, அட்டையின் பின்பக்கம் பெயர்களை எழுதியிருந்தார்கள். வெள்ளச்சி, சடையன், மாமியார், கொழுந்தன், மூன்று பிள்ளைகள். ஏழு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் நேரே ‘வெளுப்பு’ என்று இருந்தது. முன்பக்கத்தில் வாரம் தவறாமல் நான் ‘14’ என்று எழுதினேன். திங்கள்தோறும் அந்த அட்டையைக் கையில் எடுத்தேன். ஒருமுறை கூடத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

“அட்டையில உம் பேர்தானம்மா கீது?”

“எம் பேர்லதான் இருக்கும். ரேசன் கார்டு எங்க மாமியா பேர்ல கீது. அரிசி அவங்க மட்டுமா துன்றாங்க?”

ஏழு பேருக்குச் சோகை என்று சொல்லிவிட்டு ஒருத்திக்கு மட்டும் மருந்து கொடுப்பார்கள் என்று அவள் ஏன் நினைக்க வேண்டும்? அவள் தன் பங்குக்கு மேல் ஒன்றுகூடத் தின்னவில்லை. பொட்டலமும் வாரம் தவறாமல் காலியாகித்தான் வந்தது.

கறுப்பாகப் போகிறதா என்று வாராவாரம் கேட்டேனே, அதற்கு ஏன் தலையாட்டினாய் என்றும் கேட்டேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பதில் மங்கையிடமிருந்து வந்தது.

“நாலு பேர் குந்திக்கினு இருக்கற எடத்துல ஒரு ஆம்பள அதக் கேட்டா எவ இல்லன்னு சொல்லி நின்னு பேசுவா? ஆமான்னு தலையாட்டிட்டு நவுந்து போவத்தான் பாப்பா. நீ மழைய அளக்கறதோட நிறுத்தியிருக்கணும்.”

சிஸ்டரிடம் சொன்னேன். அவர் இரண்டு மாத்திரை எடுத்துவந்து தன் கண்முன்னே வெள்ளச்சியை விழுங்க வைத்தார். அது நம்பிக்கையால் செய்ததில்லை. மாத்திரை ரத்தமாக வாரக் கணக்கு ஆகும். அவளுக்கு அத்தனை வாரம் இல்லை என்பது அந்த அறையில் இருந்த பெரியவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அன்று மத்தியானம் மங்கை என்னிடம் சொல்லாமல் பரிசோதனைக் கூடத்துக்குப் போயிருக்கிறாள். முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். “என்து வேற ரத்தமாம். சேராதாம்,” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “உப்பு போட்டுத் துன்னிருந்தாலும் சேராதாமா கேட்டேன். சிரிக்கறாங்க,” என்றாள். அவள் சிரிக்கவில்லை. கருணாபுரத்திலிருந்து அவள் தம்பி இரண்டு பேரை அழைத்துவந்தான். ஒருவருக்குப் பிரிவு சேரவில்லை. மற்றவருக்குச் சேர்ந்தது, ஆனால் குழாயில் ஒன்பதைத் தாண்டவில்லை. கூடத்துக்காரர் கோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் யாருக்குத்தான் ரத்தம் இருக்கிறது என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

மறியலின் ஐந்தாம் நாள், திங்கள், சடையன் கிளம்புவதாகச் சொன்னான். வீட்டில் மூன்று பிள்ளைகள். சாமை அறுப்புக்கு வந்துவிட்டது. சிஸ்டர் கூடாது என்றார். ரோடு திறந்ததும் ரத்தம் வரும் என்றார்.

“என்னிக்கி தொறப்பாங்க?” என்று சடையன் கேட்டான். சிஸ்டருக்குத் தெரியவில்லை. “இங்க வர்றதுக்குதான் வழி இல்லங்க. வூட்டுக்குப் போவ வழி கீது. வண்டிய வயல்ல எறக்கி ஓட்டிக்கினு போயிடலாம். மலையில யாரு மரம் வெட்டிப் போட்டாங்க?”

சாலையில் நின்றவர்கள் கேட்டதும் பங்குதான். அதையும் இதையும் சேர்த்து யோசிக்க அன்று எனக்குத் தெம்பில்லை. இப்போதும் யோசித்து ஒரு முடிவுக்கு வரவில்லை.

சொந்த விருப்பத்தில் போவதாகத் தாளில் வெள்ளச்சியின் கைநாட்டு வாங்கினார்கள். அவள் கட்டைவிரல் மைக்கு மேலே நகம் வெள்ளையாக இருந்தது. சிஸ்டர் அவளுக்கு உரிய வாரப் பொட்டலத்தைக் கொடுத்தார். நான் என் கட்டிலடியில் இருந்த என் பொட்டலத்தைக் கொண்டுவந்தேன். அன்று காலைதான் எனக்குக் கொடுத்தது. பதினான்கும் அப்படியே இருந்தன. என் உடம்பில் அது வெறும் சரக்கு; அவள் உடம்பில் இன்னும் வேலை செய்யக்கூடியது.

“இத நீ மட்டும் துன்னணும். வேற யாருக்கும் குடுக்கக் கூடாது. கேட்டுச்சா?” என்றேன்.

“சரிண்ணா,” என்று தலையாட்டினாள். மலம் கறுப்பா என்று கேட்டபோதெல்லாம் ஆட்டிய அதே தலையாட்டல். இருபத்தெட்டு, ஏழு பேருக்கு ஆளுக்கு நான்கு. இந்தக் கணக்கும் சரியாகத்தான் வருகிறது என்று அப்போதே மனத்தில் ஓடியது. மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி அவளைச் சாய்த்து உட்கார வைத்தார்கள். மங்கை குழந்தையைக் கொடுத்தாள். வண்டி கச்சிராயபாளையம் சாலையில் முதல் மரம் கிடந்த இடத்தில் வயலுக்குள் இறங்கும் வரை ஜன்னலில் நின்று பார்த்தேன். நேரம் காலை பத்து இருபது.

அன்று என் அட்டையில் எழுதியது இது: “சி-2. கொடுத்தது 14.” அடுத்த திங்கள் எழுதியது: “மீதி இல்லை.” வாழ்நாளில் தெரிந்தே நான் செய்த ஒரே பொய்ப் பதிவு அதுதான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

புதன்கிழமைக்குப் பிறகு சாலை திறந்தது. டாக்டர் வந்தார், ஐஸ் பெட்டியோடு. நேராகப் பெண்கள் வார்டுக்குப் போய், வெறும் கட்டிலைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினேன். ஏழு பெயர்களையும் விரல் வைத்து எண்ணினார். மலைக் குழு முழுவதுமே இப்படியா என்று கேட்டார். அடுத்த திங்கள் இரண்டு பெண்கள்தான் வந்தார்கள். ஒருத்தி, ஆமாம், பங்கு வைத்தோம் என்றாள். இன்னொருத்தி தலையாட்டினாள். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டர், சுருக்கத்தை ஒப்படைத்தாகிவிட்டது, திருத்தம் எழுதி அனுப்புகிறேன் என்றார். ஐப்பசியில் அவருக்கு மாற்றல் வந்தது. போகும்போது என் இமையை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். மலைக் குழு அட்டைகளை நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தத் தை மாதத்தில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. என் பதிவுகளின் ஒழுங்கைப் பாராட்டியிருந்தார். மலைக் குழுவினர் மாத்திரையை முழுமையாக உட்கொண்டும் அவர்களுக்குப் பலன் இல்லை என்ற முடிவுக்கு அந்த அட்டைகளே ஆதாரமாக நின்றன என்று ஒரு வரி அதில் இருந்தது. திருத்தத்தைப் பற்றி எதுவும் இல்லை. இரண்டு முறை பதில் எழுதினேன், இரண்டாவதைப் பதிவுத் தபாலில். அவர் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டு வந்தது. கடிதம் வரவில்லை.

எனக்கு இப்போது ஹீமோகுளோபின் ஐந்து. வெளிநாட்டு ஊசி இன்னும் வரவில்லை. மங்கை இன்னும் உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறாள்.

வெள்ளச்சியைப் பற்றி எனக்கு இரண்டு தகவல்கள் கிடைத்தன. அந்த வருடத் தீபாவளிக்கு முன்பே அவள் இறந்துவிட்டதாக வெள்ளிமலை பஸ் கண்டக்டர் சொன்னார்; எந்த வெள்ளச்சி என்று கேட்டதற்கு, அந்த மலையில் எத்தனை வெள்ளச்சி இருக்கிறார்களோ என்றார். கடுக்காய் வாங்க மலைக்குப் போய்வரும் வியாபாரி, சென்ற வருட மாசியில் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து, நான்காக மடித்து நூல் கட்டிய காகிதத்தைக் காட்டி, இந்த மாத்திரை கள்ளக்குறிச்சிக் கடையில் கிடைக்குமா என்று கேட்டதாகச் சொன்னார். பெயர் கேட்கவில்லையாம். இரண்டில் எது சரி என்று நான் நேரில் போய்ச் சரிபார்க்கவில்லை. பஸ் இறங்கி நடக்க வேண்டிய ஏற்றம் அது; என்னால் ஏற முடியாது. ம-6 அட்டையில் கடைசிக் கட்டம் காலியாக இருக்கிறது.